கிறிஸ்துமஸுக்கு முன் குட்டிகளோடு மேடை நிகழ்ச்சிக்கு: டிக்கெட் எடுப்பதில் தொடங்கி வீடு திரும்பும் வரை

முதல் தடவை போனபோது நாங்கள் செய்யக்கூடாத அத்தனையையும் செய்தோம். மாலை ஏழு மணிக் காட்சி. வரிசையின் நட்டநடுவில் நான்கு இருக்கை. பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு முடிந்து மூன்று மாதம். அன்று மதியம் அவன் தூங்கவே இல்லை. விளக்குகள் அணைந்ததும் "அம்மா, கரன்ட் போச்சு!" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து மேடையில் ஒரு பீரங்கி வெடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அலறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினோரு ஜோடி முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தேன். மீதி நிகழ்ச்சியை வெளிக்கூடத்தில், ஒரு கிறிஸ்துமஸ் மரத்தின் பிளக் பாயிண்டைப் பார்த்தபடி கழித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் போகிறோம். இப்போது முழுசாகப் பார்த்துவிட்டு வருகிறோம், பெரும்பாலும். பாதியில் எழுந்து வரத் தயாராகப் போகிற குடும்பம்தான் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

படி 1: கடைக்குட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள்

என்ன நிகழ்ச்சி என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டிலேயே சின்னப் பிள்ளை எப்போது தூங்கி எழுகிறது, எப்போது பசிக்கிறது, எந்த நேரத்துக்கு மேல் சிணுங்க ஆரம்பிக்கிறது? தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வரும் இரண்டரை மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் முதலீடு. பல வீடுகளில் அது முற்பகல் பதினொன்றுக்கோ பிற்பகல் மூன்றுக்கோ விழும். மாலைக் காட்சியின் ஜொலிப்பு வேறுதான், மறுக்கவில்லை. அந்த ஜொலிப்பைப் பார்க்கப் பிள்ளை விழித்திருக்க வேண்டுமே.

இரண்டாவது கணக்கு, மொத்த எண்ணிக்கை. டிசம்பரில் பள்ளி விழா, உறவினர் வருகை, வீட்டு அலங்காரம், விளக்கு பார்க்கப் போவது என்று தானாகவே நிறைய சேர்ந்துவிடும். அதன் மேல் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று, நின்றோ நடந்தோ பார்க்கும் வெளிப்புற நிகழ்ச்சி ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு இதுவே தாராளம். இரண்டும் அடுத்தடுத்த நாளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி வாரத்தை நாங்கள் தொடுவதே இல்லை. டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் கூட்டமும் குறைவு, பிள்ளைகளும் அப்போது இன்னும் களைத்திருக்க மாட்டார்கள்.

படி 2: எந்த நிகழ்ச்சி யாருக்கு ஒத்துவரும்

பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். சுவரொட்டியில் பனியும் நட்சத்திரமும் இருந்தால் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிடுகிறோம்.

நட்கிராக்கர் பாலேயை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கோவ்ஸ்கி இசையமைத்த இந்த நாட்டிய நாடகம் 1892 டிசம்பர் 18 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் மேடையேறியது. இன்று உலகின் பல ஊர்களில் டிசம்பர் என்றாலே இதுதான். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இதன் அமைப்பு. முதல் பாகத்தில்தான் கதை முழுக்க இருக்கிறது: கிறிஸ்துமஸ் விருந்து, பரிசாக வரும் பொம்மை, வளர்ந்துகொண்டே போகும் மரம், எலி ராஜாவோடு சண்டை, கடைசியில் பனி நடனம். இரண்டாம் பாகத்தில் கதை ஏறக்குறைய நின்றுவிடும். இனிப்புகளின் நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நடனங்கள் வரும். பெரியவர்களுக்கு அதுதான் விருந்து. மூன்று வயதுப் பிள்ளைக்கோ "அந்த எலி எங்கே போச்சு?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். ஆகவே இடைவேளையில் கிளம்பினாலும் கதை உங்கள் கையில்தான் இருக்கிறது. இது தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் பாதி டென்ஷன் போய்விட்டது. அந்த எலிச் சண்டையில்தான் எங்கள் பீரங்கி வெடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தயாரிப்புகளிலும் அவ்வளவு சத்தம் இருக்காது, ஆனால் இருக்கலாம் என்று எண்ணியே போங்கள்.

அடுத்தது டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கரோல். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த அந்தக் குறுநாவல் எத்தனையோ நாடகங்களாகிவிட்டது. கஞ்சன் திருந்தும் கதை, சரி. ஆனால் அடிப்படையில் அது ஒரு பேய்க் கதை. செத்துப்போன கூட்டாளி சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவான், பிற்பாடு ஒரு கல்லறைக் காட்சியும் உண்டு. ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் பயந்துகொண்டே ரசிப்பார்கள். அதற்குக் கீழே, அன்று ராத்திரி யார் எந்தக் கட்டிலில் தூங்கப்போகிறார்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கரோல் பாடல் நிகழ்ச்சிகளிலும் இரண்டு வகை உண்டு. எல்லோரும் சேர்ந்து பாடுவது எந்த வயதுக்கும் பொருந்தும், பிள்ளை கத்தினாலும் பாட்டோடு பாட்டாகிவிடும். மற்றது, ஒன்பது பைபிள் வாசகங்களுக்கிடையே பாடல்கள் வரும் வழிபாடு. 1880 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கியது அது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி 1918 முதல் நடத்திவருவதால் உலகப் புகழ் பெற்றது. அந்த மரபைப் பின்பற்றும் பல இடங்களில் ஒரே ஒரு சிறுவனோ சிறுமியோ துணை இசை எதுவுமின்றித் தனியாகப் பாடித் தொடங்குவார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. உங்கள் பிள்ளைக்கு "பாத்ரூம்" என்று சொல்லத் தோன்றும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும். போவதென்றால் கதவருகே உட்காருங்கள்.

ஹேண்டல் இசையமைத்த, பாடகர் குழு பாடும் நீண்ட பக்தி இசையான மெசையா வேண்டாம், ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். அருமையான இசை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அல்லேலூயா பாட்டு இரண்டாம் பகுதியின் முடிவில்தான் வரும்.

சத்தம் போடும் பிள்ளைகளுக்கென்றே பிறந்தது பிரிட்டிஷ் மரபில் வந்த பாண்டோமைம் என்ற, பாட்டும் கேலியும் கலந்த நாடகம். மேடையில் வில்லன் பதுங்கி வந்தால் பார்வையாளர்கள் "பின்னாடி, பின்னாடி!" என்று கத்தியே ஆக வேண்டும். கத்தாதவர்தான் அங்கே மரியாதை தெரியாதவர். பெரியவர்களுக்கான இரட்டை அர்த்த நகைச்சுவையும் கலந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது புரியாது, "அப்பா ஏன் சிரிக்கிறாங்க?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருக்கட்டும்.

முதல் தடவையாகப் போகிறீர்கள், பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் என்றால் என் சிபாரிசு பொம்மலாட்டம். நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடியும். அரங்கம் சிறியது. மேடை பிள்ளையின் கண்மட்டத்துக்கு அருகில் இருக்கும். பனிச்சறுக்கு நிகழ்ச்சிகளும் சின்னவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அங்கே உள்ளேயும் குளிரும். வெளியே வெயிலே அடித்தாலும் ஆளுக்கொரு போர்வை வேண்டும்.

படி 3: டிக்கெட் எடுக்கும்போது

பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள், அல்லது அரங்கத்துக்குப் போன் செய்து கேளுங்கள். குறைந்தபட்ச வயது என்ன? மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா? (அரங்கத்துக்குள் இருக்கும் தலைகளைத் தீப் பாதுகாப்புக்காக எண்ணுவதால் சில இடங்களில் கைக்குழந்தைக்கும் வேண்டும்.) இடைவேளையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு நேரம்? வெளியே போனால் மறுபடி உடனே உள்ளே விடுவார்களா, அல்லது அடுத்த காட்சி மாற்றம் வரை காத்திருக்க வேண்டுமா?

இருக்கை: ஓரம். ஓரம் தவிர வேறெதுவும் வேண்டாம். முன் வரிசை நல்லது என்பது பாதி உண்மைதான். ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் மேடை விளிம்புக்கு மேல் நடனக்காரர்களின் பாதம் தெரியாது, பாலேயில் பாதம் தெரியாவிட்டால் என்ன மிச்சம்? ஒலிபெருக்கியும் பக்கத்திலேயே இருக்கும். பால்கனியின் முதல் வரிசை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அதன் கைப்பிடிக் கம்பி சரியாக நாலு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். பிள்ளை எழுந்து நின்று எட்டிப்பார்க்கும், நீங்கள் இரண்டு மணி நேரமும் அதன் சட்டையைப் பிடித்தபடி இருப்பீர்கள். கீழ்த்தளத்தில், தரை சரிய ஆரம்பித்த பிறகு வரும் வரிசைகளின் ஓர இருக்கைகள்தான் எங்களுக்குச் சரிப்பட்டவை. உயரம் கூட்டும் பூஸ்டர் மெத்தை தருவார்களா என்று கேட்டு வையுங்கள். தந்தால் நுழைந்த உடனே எடுத்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துபோகும்.

பல அரங்கங்கள் 'ரிலாக்ஸ்டு' காட்சி என்று தனியாக ஒன்றிரண்டு நடத்துகின்றன. விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், திடீர்ச் சத்தங்களைக் குறைப்பார்கள், எழுந்து நடக்கலாம், பேசலாம், போய் வரலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் புலன் கூர்மை அதிகமுள்ளவர்களையும் மனதில் வைத்து வந்த ஏற்பாடு இது. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் தாராளமாக வரலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். கேட்டுவிட்டு எடுங்கள்.

மின்னல் விளக்கு, புகை, வெடிச்சத்தம் உண்டென்றால் பெரும்பாலும் அறிவிப்பு போட்டிருப்பார்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அதைப் படிக்காமல் போகாதீர்கள். நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளிதான் ஒளியால் தூண்டப்படும் வலிப்புள்ளவர்களுக்கு அதிக ஆபத்து.

படி 4: வீட்டில் ஒத்திகை

கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு உட்பட. பெரியவர்களுக்கு முடிவு தெரிந்தால் சுவை போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு முடிவு தெரிந்தால்தான் தைரியம் வரும். எலி தோற்கும் என்று தெரிந்த பிள்ளை எலியைப் பார்த்துக் கை கொட்டும்.

இசையை ஒரு வாரம் சமையலறையில் ஓடவிடுங்கள். நட்கிராக்கரில் சர்க்கரைத் தேவதையின் நடனத்துக்கு வரும் மணியொலி செலெஸ்டா என்னும் கருவியிலிருந்து வருவது. அந்தக் காலத்தில் அது புத்தம்புதியது. பாரிஸில் அதைப் பார்த்த சைக்கோவ்ஸ்கி, வேறு யாரும் முந்திக்கொள்ளாமல் ரகசியமாக வரவழைத்தார். இதைப் பெரியவளிடம் சொன்னதிலிருந்து அந்த ஓசை வரும் இடத்தில் என் கையைக் கிள்ளுவாள், "ரகசியப் பெட்டி வந்துடுச்சு" என்று காதில் சொல்வாள். கரோல் நிகழ்ச்சிக்குப் போவதென்றால் 'சைலன்ட் நைட்' முதல் நான்கு வரி போதும். 1818 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் ஒரு கிதாரோடு முதலில் பாடப்பட்ட பாட்டு அது. தாலாட்டு போல மெதுவாக நகர்வதால் மூன்று வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

இருட்டையும் பழக்குங்கள். வரவேற்பறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சை மேடை விளக்காக்கி, அப்பாவோ தாத்தாவோ ஐந்து நிமிடம் ஏதாவது ஆடிக் காட்டட்டும். விளக்கு அணைந்தால் கரன்ட் போகவில்லை, கதை ஆரம்பிக்கப்போகிறது என்று அப்படித்தான் எங்கள் சின்னவனுக்குப் புரிந்தது.

படி 5: பையில் என்ன, காலில் என்ன

தின்பண்டம் டப்பாவில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். அமைதியான காட்சியில் ஒரு உறை பிரியும் சத்தம் பத்து வரிசைக்குக் கேட்கும். வெளி உணவை அனுமதிப்பார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்று உடை, ஈரத் துணி, தண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு பொம்மை. அது ஓசை எழுப்பாத பொம்மையாக இருக்க வேண்டும்.

காது மறைப்பான் கட்டாயம். இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வகுத்த ஒலி வரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். பெரியவர்களை மனதில் வைத்துச் சொன்னது அது, பிஞ்சுக் காதுக்கு அதுவும் அதிகம். தலையில் மாட்டும் ஹெட்போன் போன்றதை வாங்குங்கள். காதுக்குள் செருகும் சின்ன பஞ்சு அடைப்பான் வேண்டாம், கழற்றி வாயில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு நாள் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்காவிட்டால் அரங்கத்தில் பிடுங்கி எறிவார்கள்.

காலைக் கவனியுங்கள். நடந்தால் பளிச்பளிச்சென்று மின்னும் செருப்புகள் உண்டே, அவற்றை ஆசையாகப் போட்டுக் கூட்டிப்போனோம் ஒரு வருடம். இருட்டில் சின்னவன் காலை ஆட்ட ஆட்டச் சிவப்பும் நீலமுமாக எங்கள் வரிசை முழுவதும் போலீஸ் வண்டி போல மின்னியது. கழற்றிப் பைக்குள் போட்டேன். பைக்குள்ளும் மின்னியது. கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

படி 6: அன்றைக்கு

காலையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை, போக வேண்டாம். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று காட்சி தொடங்கும் முன்பே கேளுங்கள். தொடங்கிவிட்டால் எந்தக் கவுன்டரும் கேட்காது.

வீட்டு வாசலில் பிள்ளைகளை நிறுத்தி அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் தவறினால் "என்ன கலர் சட்டை?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது. மணிக்கட்டின் உட்புறத்தில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதுங்கள்.

குளிர் ஊர் என்றால், காரில் குழந்தை இருக்கையின் வாருக்கு அடியில் தடித்த கோட்டு வேண்டாம். உள்ளே காற்றடைந்த கோட்டு மோதலின்போது அமுங்கும், வார் தளர்ந்துவிடும். வாரை இறுக்கிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் பிள்ளையின் பொறுமையை வெளிக்கூடத்திலேயே செலவழித்துவிடுவீர்கள். போனதும் கழிவறை, பூஸ்டர் மெத்தை, பிறகு உங்கள் இருக்கைக்கு அருகிலுள்ள வெளிக்கதவை உங்கள் கண்ணால் பார்த்து வைப்பது. மணி அடித்ததும் மறுபடி கழிவறை, "வரலை" என்று சொன்னாலும்.

உள்ளே பயந்தால் முதலில் மடி, பிறகு காது மறைப்பான், பிறகு காதில் "இது அங்கிள் எலி முகமூடி போட்டிருக்கார்". மூன்றும் பலிக்காவிட்டால் உடனே எழுந்துவிடுங்கள். "கொஞ்சம் பொறு, இப்போ நல்லது வரும்" என்று சமாதானம் செய்துகொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் சிணுங்கல் அலறலாகிறது. யார் வெளியே போவது என்று கணவனும் மனைவியும் வீட்டிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். முதல் பாகத்துக்கு ஒருவர், இரண்டாம் பாகத்துக்கு மற்றவர். எங்கள் வீட்டில் இது பேசாமல் விட்ட வருடம் என்ன ஆனது என்று மேலே படித்தீர்கள். வெளியே வந்த பிறகு பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். கதவு இடுக்கிலோ வெளிக்கூடத் திரையிலோ மீதியைப் பார்க்க முடிந்தால் போதும், பல பிள்ளைகள் அங்கிருந்தே "உள்ளே போலாமா?" என்பார்கள்.

படி 7: திறந்தவெளிக் கொண்டாட்டம்

மரத்துக்கு விளக்கேற்றும் விழா, விளக்குப் பாதை, ஊர்வலம் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: கூட்டத்தின் விளிம்பில் நில்லுங்கள். மரம் உயரமானது, தூரத்திலிருந்தும் தெரியும். விளக்கேற்றும் நொடிக்காக ஒரு மணி நேரம் பேச்சும் பாட்டும் நடக்கும், நீங்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குப் போனால் போதும். நெரிசலில் தள்ளுவண்டி ஆகாது, சின்னவரை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் கலைகிறபோதுதான் தள்ளுமுள்ளு. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், அல்லது அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தா மடியில் உட்கார மறுக்கும் பிள்ளையைத் திணிக்காதீர்கள். தெரியாதவர் மடிக்குப் போகாதே என்று வருடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தது நாம்தானே. இரண்டடி தள்ளி நின்று கையாட்டினாலும் போட்டோ நன்றாகவே வரும்.

படி 8: திரும்பி வந்து

அன்று வேறெந்தத் திட்டமும் வேண்டாம். காரிலோ பேருந்திலோ "எது பிடிச்சது?" என்று துருவாதீர்கள், இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது தானாக வரும்.

பிள்ளைகள் தூங்கியதும் போனில் நான்கு வரி எழுதி வையுங்கள், அடுத்த நவம்பரில் டிக்கெட் எடுக்கும்போது உதவும். போன வருடம் நான் எழுதியது அப்படியே: "மூணு மணிக் காட்சி, சரி. இடது ஓரம், சரி. பிஸ்கட் பத்தலை. பெரியவள் இரண்டாம் பாகமும் பார்த்தாள், அடுத்த தடவை அவளுக்கு மட்டும் மாலைக் காட்சி? பழைய செருப்பு."